பீங்கானில் பொறித்த குலச்சின்னங்களும் மொழிபெயர்ப்பும்

குலச்சின்னம் பொறித்த பீங்கான் உணவுக்கலங்கள் கலை வரலாற்றிற்கு மட்டுமன்றி மொழிபெயர்ப்பு வரலாற்றிற்கும் சான்றாவன. அப்பொருளின் பெயரே மொழிதோறும் வேறு நோக்குடையது. ஆங்கிலத்தில் ‘சைனா’ என்பது பிறந்த நாட்டைச் சுட்டும். இத்தாலிய வழிவந்த ‘போர்சலின்’ சோழியின் பளபளப்பைச் சுட்டும். தமிழின் ‘பீங்கான்’, கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது.

ஏறத்தாழ 1695 முதல் 1820 வரை பிரித்தானியக் குடும்பங்களுக்காக 4,000க்கும் மேற்பட்ட கலத்தொகுதிகள் சீனாவில் உருவாயின. குலச்சின்னத்தின் வரைபடமோ அச்சுப்படமோ கப்பலில் காண்டன் நகருக்குச் சென்றது. ஆங்கிலம் அறியாத ஓவியர் அதனை அவ்வாறே படியெடுத்தனர். நிறங்களைக் குறிக்க இட்ட கோடுகளையும், நிறப்பெயர்களாக எழுதிய சொற்களையுங்கூடச் சில கலங்களில் தீட்டிவிட்டனர். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை.

1791இல் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானின் பேரளவு இறக்குமதியை நிறுத்தியது. வூஸ்டர் முதலிய ஆங்கிலத் தொழிற்கூடங்கள் அவ்விடத்தைப் பெற்றன. 1820ஐ ஒட்டி, வூஸ்டர் நகரின் சேம்பர்லின் தொழிற்கூடம் கம்பெனியின் சின்னம் பொறித்த தொகுதியொன்றைச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கென உருவாக்கியது. இங்கிலாந்து மன்னர், நாடாளுமன்றம் ஆகியோரின் ஆதரவில் இயங்குவதாக அச்சின்னத்தின் இலத்தீன் வாசகம் கூறும். வணிக நிறுவனமொன்று ஆட்சியுரிமையை உணவுத்தட்டிலும் அறிவித்தது எனலாம்.

இவ்வழக்கம் இந்திய அரசுகளையும் தொட்டது. 1877இல் தில்லிப் பேரவையில், வங்காள ஆட்சிப்பணியினர் இராபர்ட் டெய்லர் வடிவமைத்த சின்னங்கள் பொறித்த கொடிகள் இந்திய அரசர்களுக்கு வழங்கப்பெற்றன. மைசூர் அரசச் சின்னத்தில் கண்டபேருண்டப் பறவையும், அதன் இருபுறமும் யானைத்தலைச் சிங்கங்களும், கீழே வடமொழி வாசகமும் அமைந்தன. அமைப்பு ஐரோப்பாவினுடையது, உள்ளடக்கம் இம்மண்ணினுடையது.

ஆங்கில நூல்கள் இப்பறவையை ‘இருதலைக் கழுகு’ என்பதுண்டு. அதனை அப்படியே தமிழாக்கினால் ஐரோப்பியப் பேரரசுகளின் கழுகு மைசூரில் வந்தமரும். ‘இருதலைப்புள்’ என்பதும் முழுதும் பொருந்தாது. அகநானூற்றில் (12) அது பிரியா நட்பின் உவமை. மைசூரில் இப்பறவையோ யானையையும் வெல்லும் ஆற்றலின் குறி. எனவே ‘கண்டபேருண்டம்’ என்ற பெயரையே ஆள்வது தகும். காண்டன் ஓவியர் பொருளறியாது சொல்லைப் படியெடுத்தனர். சொல்லின் வரலாறு அறியாத மொழிபெயர்ப்பும் அத்தகையதே.