பண்ணையில் விளைந்த மட்டையாளர்கள்

1937ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க பேஸ்பாலின் இரண்டாம் நிலை அணிகள் இரண்டு தமக்குள் ஒரு தொடர் ஆடின. ஒன்று நியூயார்க் யாங்கீஸின் பண்ணை அணியான நுவார்க் பேர்ஸ். மற்றொன்று செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பண்ணை அணியான, ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ். நுவார்க் முதல் மூன்று ஆட்டங்களையும் தன் சொந்த மைதானத்திலேயே தோற்றது. அடுத்த நான்கையும் வென்று தொடரைக் கைப்பற்றியது. ஆனால் அத்தொடரில் உண்மையில் மோதிக்கொண்டவை இரண்டு அணிகளல்ல, இரண்டு வளர்ப்பு முறைகள். இளம் மட்டையாளன் ஒருவனை எப்படி உருவாக்குவது என்னும் கேள்விக்கு இரு நிறுவனங்கள் கண்ட இருவேறு விடைகள் அவை.

பண்ணை முறையின் மூலவர் பிராஞ்ச் ரிக்கி. 1917இல் கார்டினல்ஸ் நிறுவனத்துக்கு வந்தபோது அவர் கண்டது வறுமையை. அக்காலத்தில் சிற்றூர் அணிகள் தனியார் உடைமை. அவை வளர்த்தெடுத்த நல்ல ஆட்டக்காரனைப் பணமுள்ள பெரிய அணிகள் ஏலம்போல் விலை கூட்டி வாங்கிவிடும். ஏழை அணிக்கு எஞ்சியது கழிவு மட்டுமே. விளைச்சலை வாங்கப் பணமில்லாதவன் நிலத்தையே வைத்துக்கொண்டால் என்ன என்று ரிக்கி எண்ணினார். ஹூஸ்டன், சிரக்யூஸ் எனச் சிறிய அணிகளில் பங்குகளை வாங்கத் தொடங்கினார். 1940 வாக்கில் கார்டினல்ஸுக்குச் சொந்தமாக 32 அணிகளும், ஒப்பந்த உறவில் மேலும் எட்டு அணிகளும் இருந்தன. நூற்றுக்கணக்கான இளைஞர்களைக் குறைந்த சம்பளத்தில் சேர்த்து, கடைநிலையான ‘டி’ பிரிவிலிருந்து படிப்படியாக ஏற்றி, தேறியவர்களை வைத்துக்கொண்டு, மிகுந்தவர்களைப் பிற அணிகளுக்கு விற்பதே அவர் வழி. எண்ணிக்கையிலிருந்துதான் தரம் பிறக்கும் என்பது அவர் கொள்கை.

யாங்கீஸுக்கு அந்த அவசரம் இல்லை, பணம் இருந்தது. ஜோ டிமாஜியோவை 1934இல் சான்பிரான்சிஸ்கோ அணியிடமிருந்து 25,000 டாலரும் ஐந்து ஆட்டக்காரர்களும் கொடுத்து, ஏறக்குறைய முற்றிய கதிராகவே வாங்கினார்கள். எனினும் உரிமையாளர் ஜேக்கப் ருப்பர்ட் காலத்தின் போக்கை உணர்ந்தவர். 1931இல் நுவார்க் அணியை வாங்கி, 1932இல் ஜார்ஜ் வைஸ் என்பவரிடம் பண்ணைப் பொறுப்பை ஒப்படைத்தார். வைஸ் ரிக்கியைப்போல் வயல் முழுதும் விதை தூவவில்லை. தேர்ந்தெடுத்த சிலரை நட்டு, முற்றும்வரை காத்திருந்தார்.

இரு முறைகளின் வேறுபாட்டை இரண்டு இளைஞர்களின் வாழ்வில் காணலாம். 1937இல் நுவார்க் அணிக்கு ஆடிய சார்லி கெல்லர், மேரிலாண்ட் பல்கலைக்கழக மாணவர். அவரது சராசரி .353, அந்த லீகிலேயே முதலிடம். பத்துக்கு மூன்று முறை பந்தை வெற்றிகரமாக அடிப்பவனே சிறந்த மட்டையாளன் எனப்படும் விளையாட்டு இது என்பதை நினைவில் கொண்டால் அந்த எண்ணின் அருமை புரியும். ஆயினும் யாங்கீஸின் வெளிக்களத்தில் இடமில்லை. கெல்லர் 1938இலும் நுவார்க்கிலேயே ஆடி .365 அடித்தார். 1939இல்தான் கதவு திறந்தது.

கொலம்பஸுக்கு ஆடிய ஈனோஸ் ஸ்லாட்டரின் சராசரி .382. அடுத்த ஆண்டே அவர் செயின்ட் லூயிஸில் இருந்தார். அவர் பெற்ற பயிற்சி மட்டை பிடிப்பது பற்றியது மட்டுமன்று. 1936இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஆடியபோது, களத்திலிருந்து நடந்து திரும்பிய அவரைப் பார்த்து மேலாளர் எடி டையர், களைப்பாக இருந்தால் உதவிக்கு ஆள் தருகிறேன் என்ற பொருள்படக் குத்தலாகச் சொன்னாராம். அதன்பின் ஸ்லாட்டர் களத்தில் நடக்கவேயில்லை. பத்தாண்டு கழித்து, 1946 உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் முதல் தளத்திலிருந்து ஒரே மூச்சில் ஓடி வெற்றி ரன்னைக் கொண்டுவந்தவர் அவர்தான். அன்று கார்டினல்ஸின் மேலாளராக இருந்தவர் அதே டையர்.

ரிக்கியின் முறைக்குப் பெருஞ்சான்று ஸ்டான் மியூசியல். பந்தெறிபவராகச் சேர்க்கப்பட்டவர், 1940இல் தோளில் அடிபட்டு எறியும் கை பயனற்றுப் போனது. சிறிய நிறுவனமாயின் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். இங்கோ அணிகள் பல. எங்காவது ஓர் இடம் இருக்கும். ஸ்பிரிங்ஃபீல்டு அணியின் மேலாளர் ஆலி வானெக் அவரை மட்டையாளராக ஏற்றுக்கொண்டார். 1941இல் அங்கே .379, பிறகு ராச்செஸ்டரில் .326, செப்டம்பரில் பெரிய லீகில் 12 ஆட்டங்களில்.426. ஒரே கோடையில் மூன்று படிகள்! 1942 உலகத் தொடரில் கார்டினல்ஸ் யாங்கீஸை 4-1 என வென்றது. 1927 முதல் ஆடிய எட்டு உலகத் தொடர்களிலும் வென்றிருந்த யாங்கீஸுக்கு அது முதல் தோல்வி. அக்களத்தில் ஒருபுறம் கெல்லர். மறுபுறம் ஸ்லாட்டரும் மியூசியலும்.

ஆனால் ஒரு மியூசியலின் பின்னே பெயர் தெரியாத எத்தனை பேர்! கையெழுத்திட்டவன் தானாக வேறு நிறுவனத்துக்குப் போக முடியாது. ஒரே முதலாளி பல அணிகளை ஆட்டிவைத்தால், மேலே போகத் தகுதியுள்ளவனும் கீழேயே புதைந்து கிடப்பான் என்று ஆணையர் லாண்டிஸ் கருதினார். 1938இல் கார்டினல்ஸ் பண்ணையின் 70க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை அவர் விடுவித்தார். அவர்களுள் ஒருவர் பீட் ரைசர். 1941இல் புரூக்ளின் அணிக்காக .343 அடித்து நேஷனல் லீகின் மட்டைப் பட்டத்தை வென்றவர் அவரே.

1942இன் முடிவில் ரிக்கியும் புரூக்ளினுக்குப் போனார். அங்கே ஜாக்கி ராபின்சனைச் சேர்த்து, 1946இல் மாண்ட்ரியல் பண்ணை அணிக்கு அனுப்பினார். ராபின்சன் .349 அடித்து லீகில் முதலிடம் பெற்றார். 1947இல் பெரிய லீகில் நுழைந்தார். இதே எண்ணை இன்னொரு இடத்தில் பாருங்கள். போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த கறுப்பினத்தவரான விக் பவர், 1953இல் யாங்கீஸின் கான்சாஸ் நகரப் பண்ணை அணியில் அதே .349 அடித்து லீகில் முதலிடம் பெற்றார். அவருக்கு அழைப்பு வரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பிலடெல்பியாவுக்குத் தள்ளிவிடப்பட்டார். அப்போது யாங்கீஸின் பொது மேலாளர் ஜார்ஜ் வைஸ். அந்த அணியில் முதல் கறுப்பினத்தவராக எல்ஸ்டன் ஹோவர்ட் களமிறங்கியது 1955இல்தான். ஒரே சராசரி, ஒரே முதலிடம். முடிவு மட்டும் வேறு. வைஸின் பொறுமை கெல்லருக்கு முதிர்ச்சியைத் தந்தது. பவருக்கு அது அடைத்த கதவாக இருந்தது.

மட்டை வீச்சைத் திருத்தலாம், பந்தைத் தேர்ந்து அடிக்கக் கற்பிக்கலாம். இன்று நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கும் கருவிகளும் உள்ளன. ஆனால் வளர்ப்பு முறை ஒன்றை மதிப்பிட அவை போதா. தவறியவனுக்கு இன்னோர் இடம் உண்டா, தேறியவனுக்குக் கதவு திறக்கிறதா, காத்திருப்பவன் உண்பதற்கு வழி என்ன என்ற மூன்று கேள்விகளையும் கேட்டாக வேண்டும். முதலாவதில் ரிக்கி வென்றார். இரண்டாவதில் ராபின்சனையும் ரைசரையும் அருகருகே வைத்தால், அவர் பாதி வென்றார் எனலாம். மூன்றாவதில் இரு நிறுவனங்களும் தோற்றன. பண்ணை ஆட்டக்காரர்கள் சங்கமாக ஒன்றுசேர்ந்தது 2022இல். 2023 ஒப்பந்தத்தின்படி, மேல்நிலைப் பண்ணை அணியின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. ரிக்கி விதைக்கத் தொடங்கி ஏறத்தாழ நூறாண்டு கழித்தே நாற்றுக்கும் பசிக்கும் என்பது ஏட்டில் ஏறியது.