புறம்போக்கு யாருடையது? வடசென்னையின் தொலைந்த கடற்கரை

மெரினாவில் மணலைத் தாண்டி அலையைத் தொடுறதுக்குள்ள கால் வலிச்சிடும். அதே ஊர், அதே கடல், துறைமுகத்துக்கு வடக்கே போனா கதை வேற. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பல இடங்களில் மணலே கிடையாது. ரோடு, அப்புறம் கருங்கல், அப்புறம் கடல். இது இயற்கையா அமைஞ்சதில்ல. இதுக்கு ஒரு தொடக்க வருஷம் இருக்கு: 1875.

அந்த வருஷம்தான் சென்னைத் துறைமுகத்துக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர் புயல் அலைதடுப்புச் சுவர்களை உடைச்சுப் போட்டது, மறுபடி கட்டினாங்க. நம்ம கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்களில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவக்காற்று நேரத்தில்தான் திசை மாறும். குறுக்கே ஒரு சுவர் வந்ததும் மணல் தெற்கில் தேங்க ஆரம்பிச்சது. அங்கே 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு, சிசிலியில் பார்த்த கடற்கரையை நினைச்சு 'மெரினா'ன்னு பேர் வச்சார். வடக்கே மணல் வரத்து குறைஞ்சது, அலை மட்டும் வழக்கம்போல வந்துக்கிட்டே இருந்தது. தென்சென்னைக்கு பீச் கிடைச்சதும் வடசென்னைக்குப் போனதும் ஒரே வேலையோட விளைவு. பள்ளிப் புத்தகத்தில் இதில் முதல் பாதியை மட்டும்தான் படிச்சோம்னு நினைக்கிறேன்.

பீச்சுன்னா நமக்கு சுண்டல், பஜ்ஜி, சாயங்காலக் காற்று. குப்பத்துக்கு அது வேலை செய்யும் இடம். கட்டுமரத்தை ஏத்தி வைக்க, வலை உலர்த்த, கருவாடு காயப்போட, பசங்க பந்தாட, எல்லாத்துக்கும் அந்த மணல்தான். அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினாங்க. தூண்டில் வளைவுகள் போட்டாங்க. தூண்டில் வளைவு பக்கத்தில் கொஞ்சம் மணல் சேரும், அதுக்கும் வடக்கே இருக்கிற குப்பத்தில் அரிப்பு கூடும். கல் ரோட்டைக் காப்பாத்தும். படகைக் கரையேத்த இடம் தராது.

சரி, இந்தக் கரை சட்டப்படி யாருடையது? இங்கேதான் நாம திட்டுறதுக்குப் பயன்படுத்துற ஒரு சொல் வருது: புறம்போக்கு. ரயத்துவாரி கணக்கில் வரி விதிக்கப்படாத, பட்டா போடப்படாத நிலம். மேய்ச்சல், ஏரி, வண்டிப்பாதை, கடற்கரை, இப்படி ஊரே பயன்படுத்தின இடங்கள். வருமானம் வராத நிலம்னா ஆட்சியாளருக்கு அது காலி நிலம். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், உயர் அலைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் கடல், துறைமுகம், கழிமுகம் இவற்றின் தரையெல்லாம் அரசுச் சொத்துன்னு அறிவிச்சது. ஆனா அதே பிரிவிலேயே வழிநடை உரிமைக்கும் மற்ற பொது உரிமைகளுக்கும் உட்பட்டுன்னு ஒரு நிபந்தனையும் இருக்கு. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடிச்ச வரி அதுதான். அதை நம்ம அலுவலகங்கள் அதிகம் நினைவில் வச்சுக்கிட்ட மாதிரி தெரியல.

வெளிநாட்டோட ஒப்பிட்டா இது இன்னும் விசித்திரமா இருக்கும். இங்கிலாந்தில் நேஷனல் ட்ரஸ்ட் 1965இல் 'என்டர்பிரைஸ் நெப்டியூன்' தொடங்கி, மக்களிடம் நன்கொடை திரட்டிக் கடலோர நிலத்தை வாங்கினது. பிரான்ஸ் 1975இல் இதுக்குன்னே ஒரு அரசு அமைப்பை உருவாக்கி, வாங்கின கரையைத் திரும்ப விற்க முடியாதபடி வச்சது. அவங்க காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நம்ம கரையில் பெரும்பகுதி ஏற்கெனவே பொதுவில்தான் இருந்தது. வாங்க வேண்டிய அவசியமில்ல, கொடுக்காம இருந்திருந்தா போதும்.

கொடுத்தோம். அதுக்கு எண்ணூரைப் பாருங்க. கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க வந்த ஊர் அது. கொசஸ்தலையாறு கடலில் சேருற இடம். உப்பளம், இறால், அலையாத்தி. 1970களில் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர் துறைமுகம். சாம்பல் கழிமுகத்துக்குள்ளேயே படிஞ்சது.

தடுக்க சட்டம் இல்லாமலா? 1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதினார்: கரையிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடம் வேண்டாம். 1991இல் அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையா வந்தது. அதன்படி தமிழ்நாட்டுக்கான வரைபடத்துக்கு 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அதில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. பின்னாடி அதிகாரிகள் பயன்படுத்தின வரைபடத்தில் கழிமுகமே காணோம்னு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஆவணங்களைக் காட்டி செயல்பாட்டாளர்கள் குற்றம் சாட்டினாங்க. ஆத்தைக் கடத்துறதைவிட வரைபடத்தை மாத்துறது செலவு கம்மி, இல்லையா? 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதின 'சென்னை புறம்போக்கு பாடல்' இந்தக் கழிமுகத்தைப் பத்தினதுதான்.

இப்போ மேசையில் இருக்கிறது காட்டுப்பள்ளி. 2018இல் அதானி குழுமம் வாங்கின அந்தத் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்க ஒரு திட்டம் போடப்பட்டது. அதில் கிட்டத்தட்ட 2,000 ஏக்கர் கடலை மணல் கொட்டித் தூர்த்து எடுக்க வேண்டியது. கொசஸ்தலையாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறதே ஒரு மெல்லிய மணல் திட்டு. அதுக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. 1875இல் வடக்கே என்ன ஆகும்னு ராயபுரத்துக்காரங்க கேட்டாங்களா தெரியாது. இந்தத் தடவை பழவேற்காட்டு மீனவர்கள் கேட்டுக்கிட்டிருக்காங்க.