தெளிந்த நீரில் பிறந்த காய்ச்சல்

தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்த தொழிலாளர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். அம்மையும் வாந்திபேதியும் உடன்வரக்கூடும் என்று அஞ்சிய அரசினர், பினாங்கையடுத்த ஜெரஜாக் தீவில் அவர்களைத் தங்கவைத்துச் சோதித்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பினர். ஆயினும் அவர்களுள் பலரை மாய்த்த பகை தோட்டத்திலேயே காத்திருந்தது. அதுவே மலேரியாக் காய்ச்சல்.

மலாக்காச் சீனரான டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அடுத்து, லேடாங் மலையடியிலுள்ள அசகான் பகுதியிலும் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. கன்று நடவும் பால் வெட்டவும் தமிழர் மலாக்காத் தோட்டங்களை நாடி வந்தனர். காய்ச்சல் ஏழை, செல்வர் என்று பார்க்கவில்லை. 1916இல் டான் சே யானும் மலேரியாவினாலேயே மறைந்தார்.

மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை 1897இல் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர், சதுப்பை வடித்து, ஊரையடுத்த காட்டை அழிக்கச் செய்தார். காய்ச்சல் தணிந்தது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை அழித்தபோது காய்ச்சல் பெருகியது! காரணம் யாது? நிழல் சூழ்ந்த சதுப்பில் வளரும் கொசு ஒருவகை; வெயில் படும் தெளிந்த ஓடையிலும் ஊற்றுக்கசிவிலும் வளரும் கொசு வேறுவகை. சமநிலத்தில் முன்னதை ஒழித்த கோடரி, மலைச்சரிவில் பின்னதற்கு இடம் தந்தது. அழுக்கு நீரே நோய் தரும் என்றிருந்தோர்க்கு இது பெரும் வியப்பாயிற்று. ஓடையருகே லயங்களில் குடியிருந்தோரே இதற்கு இரையாயினர்.

ஆகவே சரிவுகளில் மண்குழாய்களைப் புதைத்து ஊற்றுநீரை நிலத்தடியே செலுத்தினர். ஓடைகளில் எண்ணெய் தெளித்தனர். தொழிலாளர்க்குக் கொய்னா கொடுத்தனர்.

1967இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டம் இம்முயற்சியை நாடெங்கும் விரித்தது. மனிதரிடையே பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் தோன்றவில்லை. எனினும் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதரை அடையும் மலேரியா காட்டோரங்களில் இன்றும் உண்டு. ஆதலால் காட்டு வழிச் செல்வோர்க்குக் கொசுவலை இன்றும் வேண்டும். ஓரிடத்தில் நோய் தீர்த்த முறை மற்றோரிடத்தில் நோய் வளர்க்கலாம்; நிலமறிந்து காப்பதே காப்பு. இவ்வறிவுக்கு நம் முன்னோர் கொடுத்த விலை உயிர்.