இன்றைக்கு எத்தனை அடி?

தீவு பார்க்க வேண்டுமென்றால் நாம் ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுப்போம். கொஞ்சம் காசு இருந்தால் அந்தமான். ஆனால் கம்பத்தில் பஸ் ஏறி, குமுளி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைச் சகித்துக்கொண்டால் போதும். ஒரு மணி நேரத்தில் ஒரு தீவுக்கூட்டம் வந்துவிடும். கடலே இல்லாத தீவுகள். தேக்கடி ஏரி.

பறவை பார்க்க ஐப்பசியில் போவது உத்தமம். இலையுதிர்காலம் என்று நம் பக்கம் தனியாக ஒன்று கிடையாது, அந்த மாதங்களில் நமக்கு மழைதான். ஆனால் வடக்கே குளிர ஆரம்பித்துவிட்டது என்ற சேதியைப் பறவைகள் கொண்டுவந்து விடும். இமயமலைப் பக்கமிருந்து சாம்பல் வாலாட்டி செப்டம்பரிலேயே ஆஜர். பின்னாலேயே ஆறுமணிக்குருவி. மீனைத் தவிர வேறெதையும் அநேகமாகத் தொடாத விரால் அடிப்பான் ஏரிக்கு மேலே வட்டம் போடும். தண்ணீருக்கு நடுவே நிற்கும் மொட்டை மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருக்கும். அவை உள்ளூர்.

அந்த மொட்டை மரங்களில்தான் கதையே இருக்கிறது.

1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை உலுக்கியது. மேற்கே போய் அரபிக்கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பு என்று ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு அவசரம் வந்தது. 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் கையெழுத்துப் போட்டது. 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய். 999 வருடக் குத்தகை! அடுத்த வருடம் பென்னி குயிக் வேலையை ஆரம்பித்தார். காட்டு வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போனது. காய்ச்சலில் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஆனாலும் முடித்தார்கள். 1895 அக்டோபரில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் இன்று 14,707 ஏக்கர் இருபோக நெல். கம்பத்துக் கடைகளில் பென்னி குயிக் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது சும்மா இல்லை.

அவர் போட்ட எஸ்டிமேட்டில் அணை இருந்தது, சுரங்கம் இருந்தது. தீவு இல்லை. தண்ணீர் ஏற ஏறப் பள்ளத்தாக்கு மூழ்கியது, குன்றுகளின் தலை மட்டும் மிஞ்சியது. காட்டு மரங்கள் நின்ற இடத்திலேயே செத்தன. தண்ணீருக்கு அடியில் காற்று கிடையாது, மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கும் அங்கே வேலையில்லை. அதனால் நூற்று முப்பது வருடமாக நிற்கின்றன. சுற்றிலும் தண்ணீர், மரநாய் ஏறிவர முடியாது. கூடு கட்ட இதைவிட நல்ல மனை எங்கே கிடைக்கும்?

1933ல் சலீம் அலி குமுளிக்கும் தேக்கடிக்கும் வந்தார், திருவிதாங்கூரின் பறவைகளைக் கணக்கெடுக்க. வேலை எதுவும் சரியாக அமையாத முப்பத்தாறு வயசுக்காரர். கூடவே மனைவி தெஹ்மினா. அந்தக் காலத்தில் பறவை பார்ப்பது என்றால் பைனாகுலர் மட்டுமல்ல, துப்பாக்கியும் சேர்த்திதான். சுட்டு, பாடம் பண்ணி, சீட்டுக் கட்டி வைத்தால்தான் ஆராய்ச்சி. ஏரிக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. காட்டுக்குள்ளே மனிதன் வைத்த தண்ணீர், அதற்குள் காட்டின் சொத்தாகியிருந்தது.

பிறகுதான் தகராறு. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி அருகே மச்சு அணை உடைந்தது. கேரளத்தில் பீதி. அணைக்குக் கீழே குடியிருக்கிறவனுடைய பயத்தைக் கேலி செய்ய முடியாது. 152 அடி வரை தேக்க வேண்டிய அணையில் மட்டம் 136க்கு இறங்கியது. இந்தப் பக்கம் விவசாயிக்கு ஒவ்வொரு அடியும் நெல்.

கரையில் வெளிப்பட்ட நிலத்தில் புல் முளைத்தது. 142க்கு ஏற்றினால் காடும் உயிரினங்களும் என்னாகும் என்று கேரளா சுப்ரீம் கோர்ட்டில் கேட்டது. ஒன்றும் ஆகாது என்றது 2006 பிப்ரவரி 27 தீர்ப்பு. தண்ணீர் மெல்ல உயர்ந்து காட்டின் விளிம்பைத் தொட்டால் யானையும் புலியும் இன்னும் சந்தோஷமாக இருக்கும் என்கிற பொருளில் அதில் ஒரு வாசகம் உண்டு. தீர்ப்பு நியாயம் என்பதுதான் என் கட்சி. ஆனால் இந்த வாசகத்தைப் படித்தால் சிரிப்பு வருகிறது. தாழ்வான மொட்டை மரத்தில் கூடு வைத்த பறவையை யாரும் வாதி, பிரதிவாதி ஆக்கவில்லை.

அதன் பிறகு கேரளா ஒரு சட்டம் போட்டது, 2014 மே 7ல் அது செல்லாது என்றானது. அந்த நவம்பரில் தண்ணீர் 142ஐத் தொட்டது. தேனிப் பக்கம் கொண்டாட்டம். முப்பத்தைந்து வருடப் புல்மேடு தண்ணீருக்குள் போனது.

வலசைப் பறவை வந்து சேர்வதும் வடகிழக்குப் பருவமழையில் அணை நிரம்புவதும் ஒரே மாதங்களில். விருந்தாளி வரும் நேரத்தில்தான் வீடு சுருங்குகிறது! கம்பத்து டீக்கடையில் காலைப் பேப்பரை விரித்ததும் பலரும் தேடுவது பெரியாறு அணை மட்டத்தை. பைனாகுலர் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. 115 அடி என்றால் பல தீவுகள் கரையோடு ஒட்டிக்கொண்டு வெறும் மேடாகக் கிடக்கும். 140 என்றால் சில தீவுகளைத் தேடத்தான் வேண்டும்.