பாதி அமெரிக்கா, பாதி பாலக்கரை

எங்கள் காலத்துக் கிராமத்து ஜனங்களுக்குக் கார் என்றால் ‘பிளஷர்’. பிளஷர் கார் என்று ஆங்கிலேயர்கள் வைத்த பெயரில் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மிராசுதாரர், மில் முதலாளி, பெரிய டாக்டர் என்று ஊருக்கு நாலு பேர் வீட்டில் பிளஷர் நிற்கும். பெரும்பாலும் அமெரிக்க வண்டி. பிளிமத், டாட்ஜ், செவர்லே, டிசோட்டோ. அந்த ராஜாக்கள் எல்லாம் 1970களில் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அண்டா, ஜோடுதவலை, வாழை இலைக்கட்டு சுமந்த கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். சலூன் காராகப் பிறந்து ஸ்டேஷன் வேகனாக மறுபிறவி எடுத்த கதை அது.

முதலில் பெயர். ஸ்டேஷன் வேகன் என்பதில் உள்ள ஸ்டேஷன் ரயில்வே ஸ்டேஷன்தான். அமெரிக்காவில் ரயிலடியில் இறங்குகிற ஆட்களையும் அவர்கள் பெட்டி படுக்கைகளையும் ஓட்டலுக்குக் கொண்டுபோய் விட்ட வண்டிக்கு அந்தப் பெயர். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்கா எந்த வேலையைச் செய்ததோ, அதே வேலை. குதிரைக்குப் பதில் மோட்டார் வந்தபோது, கார் சேஸிஸ் மேல் மரக்கூடு கட்டினார்கள். 1929இல் ஃபோர்டு கம்பெனி தன் மாடல் ஏ வண்டியில் இதைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்க ஆரம்பித்தது. 1949இல் பிளிமத் கம்பெனி மரத்தை விட்டுவிட்டு, முழுக்க இரும்புத் தகட்டால் ஆன ‘சபர்பன்’ என்ற வேகனைக் கொண்டுவந்தது. காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது இந்த மாதிரி வண்டிக்கு எங்களுக்குச் சொல்லித்தந்த சொல் ‘பிரேக்’. வண்டியை நிறுத்துகிற பிரேக் இல்லை. வேட்டைக்குப் போகும் குதிரை வண்டிக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் இரவல் வாங்கிக்கொண்டது. வண்டியின் மேற்கூட்டைக் கட்டும் தொழிலுக்கு அவர்கள் ‘கரோஸ்ரி’ என்பார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் ‘பாடி கட்டுறது’. கேட்க எளிமை. வேலை அப்படி இல்லை.

இந்த அமெரிக்க வண்டிகள் நமக்கு எப்படி வந்தன? ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. நம் பக்கத்தில் அந்தக் கம்பெனி வண்டிகளை விற்றவர்கள் டி.வி.எஸ். திருச்சியில் டி.வி.எஸ். டோல்கேட் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த டி.வி.எஸ்.தான். சுதந்திரம் வந்த 1947இல் வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாயில் கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமட், பிளிமத் என்று பெயர்கள் வேறு. முகப்புக் கிராதியைக் கழற்றிவிட்டால் மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பிறகு 1953இல் டாரிஃப் கமிஷன் வண்டித் தொழிலை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. இந்தியாவிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாத கம்பெனிகள் வெறுமனே பூட்டி விற்க முடியாது என்று அரசாங்கம் முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. பெரிய அமெரிக்க வண்டி புதிதாக வருவது அநேகமாக நின்றுபோயிற்று. ஏற்கெனவே இங்கே இருந்தவை மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தன. மிராசுதாரரிடமிருந்து வக்கீல், வக்கீலிடமிருந்து டாக்ஸிக்காரர், டாக்ஸிக்காரரிடமிருந்து சமையல் கான்ட்ராக்டர்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை போட்டன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கு ஆனது. பிளிமத் வண்டியின் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஏறக்குறைய 3,600 சி.சி. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் ஓடினால் அன்றைக்கு நல்ல நாள். ஆசைக்கு வைத்திருந்தவர்கள் ஷெட்டில் நிறுத்திவிட்டு யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று பார்த்தார்கள். வாங்கியவர்கள் கணக்குப் பார்க்கிற ஆட்கள். பெட்ரோல் எஞ்சினை இறக்கி, மதராஸ் சிம்ப்சன் கம்பெனி தயாரித்த பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். எஞ்சின் மாறியதும் அடுத்த கேள்வி, இவ்வளவு பெரிய வண்டியில் ஐந்து பேர் மட்டும் உட்கார்ந்து போவதா? பின்னால் ஒரு கட்டில் அளவுக்கு டிக்கி சும்மா கிடக்கிறதே?

அங்கேதான் நம் மேஸ்திரிகள் வருகிறார்கள்.

அமெரிக்கன் மட்டும் ஏன் இதற்குத் தோதாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால அமெரிக்க வண்டியில் அடியில் ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். எஞ்சின், கியர் பெட்டி, ஸ்பிரிங், சக்கரம் எல்லாம் அந்த ஏணியில்தான். மேலே நாம் பார்க்கிற பாடி, ரப்பர் கட்டைகள் வைத்துப் போல்ட் போட்டு உட்கார்த்தியது. போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும். ஏணி மட்டும் தன்னந்தனியாக ஓடும். பாரம் முழுவதையும் தாங்குவது ஏணி என்பதால், பாடியில் எங்கே வெட்டினாலும் வண்டியின் முதுகெலும்பு முறியாது. நம் பக்கத்து பஸ்கள் முதலிலிருந்தே அப்படிக் கட்டப்பட்டவைதான். சேஸிஸ் வெளியிலிருந்து வரும், கூடு உள்ளூர் ஆசாரி கட்டுவார். மதராஸ் சிம்ப்சன் கம்பெனியே 1840இல் குதிரைக் கோச்சு வண்டி கட்டுகிற பட்டறையாகப் பிறந்ததுதான். 1903இல் இந்தியாவின் முதல் நீராவிக் காரைச் செய்ததும் அங்கேதான். திருச்சிக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பட்டறை பொன்மலைக்கு வந்தது. அந்த நாள் ரயில் பெட்டிகள் தேக்கு மரத்தில் செய்தவை. ஓடுகிற வண்டி குலுங்கினாலும் பிரியாத மாதிரி மரத்தை இணைக்கத் தெரிந்த கைகள் நம் ஊரில் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்தன.

பாலக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் இந்த வேலையை நான் பல நாள் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் கல்யாண சமையல் எடுத்துச் செய்த ஒருவர், எங்களுக்குத் தூரத்து உறவு, பழைய கிங்ஸ்வே ஒன்றை அங்கே விட்டிருந்தார். முதலில் டிக்கியையும் பின் கண்ணாடியையும் வெட்டி எடுத்தார்கள். பின்சீட்டுக்கு மேலே கூரையை நேர்கோட்டில் அறுத்தார்கள். வெட்டிய இடத்திலிருந்து வண்டியின் வால் வரை தேக்குச் சட்டம் எழும்பியது. அந்த ஆசாரி பொன்மலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆணியை நம்பாமல், கழுந்து சீவித் துளையில் இறக்கித்தான் சேர்ப்பார். “ஆணி குலுக்கல்ல இளகிரும் தம்பி, கழுந்து இறுகும்” என்பார்.

அதன் மேல் தகடு. பக்கவாட்டுத் தகடு சுலபம். கூரைதான் சோதனை. அமெரிக்கக் கூரை முன்பின்னாகவும் வளையும், இடவலமாகவும் வளையும். தொழிற்சாலையில் ராட்சத பிரஸ்ஸில் ஒரே அழுத்தில் வருகிற வளைவை, இங்கே மணல் மூட்டை மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டிக் கொண்டுவர வேண்டும். அதனால் பழைய கூரையோடு சேர்கிற ஒரு முழம் மட்டும் இரட்டை வளைவு. அதற்குப் பின்னால் ஒற்றை வளைவோடு நிறுத்திக்கொள்வார்கள். நம் ஊர் வேகனைப் பின்னாலிருந்து பார்த்தால் சின்ன பஸ் மாதிரித் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். பழசும் புதுசும் சேர்கிற இடத்தில் வெல்டிங் வைத்து, ஈயம் உருக்கி நிரப்பி, ராவி, பட்டி பூசித் தேய்ப்பார்கள். பெயின்ட் அடித்த பிறகு விரலால் தடவினாலும் கோடு தெரியக்கூடாது.

சமையல்காரர் தினமும் வந்து நிற்பார். “ஏன் மேஸ்திரி, மழை பேஞ்சா உள்ள ஒழுகாதே?”

“ஒழுகினா கீழ ஒரு அண்டாவ வச்சிருங்க சாமி. உங்ககிட்ட இல்லாத அண்டாவா?”

பின்கதவு இரண்டு பாதி. கண்ணாடி வைத்த மேல் பாதி மேலே திறக்கும். கீழ்ப்பாதி சங்கிலியில் தொங்கி, மேஜை மாதிரிப் படுக்கும். பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்ப்பார்கள். கடைசியாக ஒன்று செய்தார்கள், முதலில் எனக்குப் புரியவில்லை. புகைக்குழாயை அரை அடி நீட்டி, முனையை ஒரு பக்கமாக வளைத்தார்கள். கேட்டபோது மேஸ்திரி விளக்கினார். பின்புறம் செங்குத்தாக இருக்கிற வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று குறைந்து ஒரு இழுப்பு உண்டாகும். புழுதியும் புகையும் சுழன்று பின்கதவு வழியாக உள்ளே வரும். அதனால் புகையை அந்தச் சுழலுக்கு வெளியே விட வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகளின் வேகன்களுக்கும் இதே தொல்லை இருந்தது என்று பின்னாளில் படித்தேன். பள்ளிக்கூட வாசலை அதிகம் பார்க்காத மேஸ்திரிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது திருச்சி–புதுக்கோட்டை ரோட்டுப் புழுதி.

இந்த வண்டிகளில் கல்யாண கோஷ்டி போயிற்று. நாதஸ்வர செட், நாடக செட்டு சாமான், உறையூர்ப் புடவை மூட்டை எல்லாம் போயின. நோயாளிகளும் போனார்கள். பின்சீட்டை மடக்கினால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம் என்பதால், ஆஸ்பத்திரிக்கும் இதுவேதான், சில சமயம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்கும். அமெரிக்க வண்டியைச் சாமான் வண்டியாக்க வெட்டக்கூட வேண்டாம் என்று நினைத்தவரும் நம் ஊரில் வாழ்ந்தார். நடிகவேள் எம்.ஆர். ராதா தன் இம்பாலா காரில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றினார் என்ற கதையைக் கேட்காத திருச்சிக்காரர் உண்டா? அவர் 1979இல் காலமானதும் திருச்சியில்தான்.

போக்குவரத்துத் துறையில் எழுத்தராக இருந்ததால் இந்த வண்டிகளின் காகித முகமும் எனக்குத் தெரியும். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறுகிற அளவுக்கு வண்டியை மாற்றினால் முன்கூட்டித் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பார்த்து ஒப்புக்கொண்டால், ‘பாடியின் வகை’ என்ற கட்டத்தில் சலூன் என்பதைச் சிவப்பு மையால் அடித்து ஸ்டேஷன் வேகன் என்று எழுதுவோம். எரிபொருள், எஞ்சின் நம்பர், இருக்கைகள், காலி எடை எல்லாம் மாறும். மாறாத கட்டம் ஒன்றே ஒன்று, தயாரித்தவர் பெயர். அங்கே டாட்ஜ் என்றே இருக்கும். பின்பாதியைச் செய்த ஆசாரிக்கும் டிங்கருக்கும் அந்தப் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

இந்தத் தொழில் மெல்ல நின்றுபோனது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் தனி ஏணி கிடையாது. பாடியேதான் முதுகெலும்பு. அதையும் வெட்டி ஆம்புலன்ஸ் ஆக்கியவர்கள் உண்டு. ஆனால் கூரையை அறுத்தால் வண்டியின் பலமே குறையும், ஈடுகட்ட அடியில் இரும்பு சேர்க்க வேண்டும். அமெரிக்காவிலேயே கிரைஸ்லர் கம்பெனி 1960 மாடல்களில் பெரும்பாலும் அந்த முறைக்கு மாறிவிட்டது. இங்கே மேட்டடார் வேன் வந்தது. 1984இல் மாருதி வேன் வந்தது. பட்டறை ஆட்களின் பிள்ளைகள் சிலர் கரூரில் பஸ் பாடி கட்டப் போனார்கள்.

சட்டமும் மாறிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000இல் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. பாதுகாப்பை நினைத்தால் அதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எத்தனையோ பட்டறைகள் அரைகுறையாகவும் வெட்டின. ஆனால் 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தபோது ஒரு வருத்தம் வந்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், அசல் உருவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது என்பது விதி. சேகரிப்பவர்களின் பார்வையும் அதுவே. அசல் கிங்ஸ்வே பொக்கிஷம். பாலக்கரை கிங்ஸ்வே கெட்டுப்போன சரக்கு. கையில் சிக்கினால் உதிரி பாகத்துக்காகப் பிரிப்பார்கள், அல்லது பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி சலூன் ஆக்குவார்கள்.

டெட்ராய்ட்டில் ஒரே அச்சில் லட்சக்கணக்கில் அடித்த பாகத்தை அசல் என்று வைத்துக்கொள்கிறோம். உலகத்தில் ஒன்றே ஒன்றாக, மணல் மூட்டை மேல் தட்டி எடுத்த கூரையைத் தூக்கிப் போடுகிறோம். நம் ஊர்ச் சரித்திரம் என்று பார்த்தால் எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

இதைப் படிக்கிற திருச்சி, ஸ்ரீரங்கத்து நண்பர்கள் வீட்டுப் பரணில் அப்பா, தாத்தா காலத்து ஆர்.சி. புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாடியின் வகை என்ற கட்டத்தில் சிவப்பு மைக் கோடு தெரிந்தால், அந்த வண்டி எந்தப் பட்டறையில் ஏறியது, யார் கட்டினார்கள் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, அந்தப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். கேட்டால் சொல்கிறவர்கள் இன்னும் சில பேர் இருக்கிறார்கள்.