பேயா, விஞ்ஞானமா?

1980களின் தொடக்கத்தில் ‘குமுதம்’ இதழில் சுஜாதா எழுதிய ‘கொலையுதிர் காலம்’ தமிழ் வாசகர்களை இரண்டு கட்சியாக்கியது. பெரிய மாளிகை, நள்ளிரவு, ஆவியுருவம். துப்புத் துலக்க கணேஷ், வசந்த் என்னும் இரு வழக்கறிஞர்கள். ‘பேய்தான்’ என்றனர் ஒரு சாரார். ‘இல்லை, விஞ்ஞானம்’ என்றனர் மறு சாரார்.

சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். லேசர் ஒளியால் உருவத்தைக் கண்முன் நிறுத்தும் ‘ஹோலோகிராம்’ முறையைக் கதையில் புகுத்தினார். அம்முறையைக் கண்டறிந்த டென்னிஸ் கேபர் 1971இல் நோபல் பரிசு பெற்றவர். ஆயினும் கதை முடிந்தும் ஐயம் முற்றும் தீரவில்லை. வாசகர் வாதமும் ஓயவில்லை.

தமிழக இதழ்கள் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளிலும் விற்ற காலம் அது. ரப்பர்க் காட்டில் பேய் கண்ட கதைகள் நம் லயங்களுக்கும் புதியவையல்ல. காய்ச்சலில் பிள்ளை பிதற்றினாலே ‘காற்றுக் கருப்பு’ என்று மந்திரிக்க ஓடியவர்கள் நம்மில் உண்டு.

கதையில் ‘பேயா?’ என்ற கேள்வி பாக்கி நிற்கலாம். அது படிப்பவருக்கு இன்பம். பிள்ளையின் உயிரில் அப்படி நிற்கலாகாது. அங்கே நாம் முதலில் தட்ட வேண்டியது மருத்துவமனைக் கதவையே.