வாவிக்கரைக்கு வந்த கருணை



மட்டக்களப்பு வாவியின் கரைகளில் வாழும் மக்களுக்குத் துன்பம் புதியதன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையும், 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டும் இன்னும் நெஞ்சை விட்டு அகலவில்லை. இத்தகைய வேளைகளில், “இறைவன் இரக்கங்கொண்டு என்னைக் காத்தார்” என்று தப்பியவர் கூறுவது இயல்பே. ஆயினும், அயல்வீட்டிற் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் செவியில் அச்சொல் எவ்வாறு விழும்? தப்புதல் ஒன்றே இறையிரக்கத்தின் அடையாளமாயின், தப்பாதவருக்கு அவ்விரக்கம் இல்லையென்றாகிவிடுமே! இவ்வினா எழுந்தோறும் என் நினைவுக்கு வருபவர் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த மிஷனரி.

1813ஆம் ஆண்டின் இறுதியில், கலாநிதி தோமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்தினின்றும் புறப்பட்ட குழுவில் ஓல்டும் அவர் மனைவியாரும் இருந்தனர். மனைவியார் நடுக்கடலிலேயே உயிர் துறந்தார். 1814ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி, மற்றொரு கப்பலிற் பயணஞ் செய்த கோக்கும் தமது அறையில் இறந்து கிடந்தார். அவருடலை இந்து சமுத்திரம் ஏற்றுக்கொண்டது. பம்பாயில் இறங்கிய இளைஞருக்கு வழிகாட்டத் தலைவர் இல்லை. பண ஏற்பாடுகளோ கோக்கின் பொறுப்பிலேயே இருந்தன. அந்நிலையில் மனி என்னும் வணிகர் முன்வந்து பொருளுதவி புரிந்தார். (பெயர் நம் செவிக்கு உறவினர் பெயர்போல் ஒலித்தாலும், அவர் ஆங்கிலேயரே.) அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்திற் சேர்த்து, அவன் செலவுக்குக் காசும் கொடுத்த நல்ல சமாரியனின் கதையை அவ்விளைஞர் பலகாற் படித்திருப்பர். இப்பொழுது, அடிபட்டவன் இடத்தில் தாமே நின்றனர்.

ஜூன் 29ஆந் திகதி காலி சேர்ந்த குழுவினர் பலவிடங்களுக்கும் பிரிந்தனர். யாழ்ப்பாணத்துக்கு இருவர் சென்றனர். மட்டக்களப்புக்கோ ஓல்ட் ஒருவரே. மனைவியை இழந்து ஆறு மாதமளவே கழிந்திருந்தது. பாஷையும் புதிது, ஊரும் புதிது. அவர் செய்தது யாது? பிறர் பெற்ற பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கினார்.

பாடசாலை நடத்தியோர் இதன் அருமையை அறிவர். கட்டடம் எழுப்புவது எளிது. வயலுக்கும் தோணிக்கும் துணையாய் நிற்கும் பையனை அனுப்புமாறு பெற்றோரை இசைவிப்பதே அரிது. துக்கம் ஆறிய பின்னரே தொண்டு என்று அவர் காத்திருந்தால், அந்தத் தொண்டுக்குக் காலமே கிடைத்திராது. ஏனெனில், அவர் இங்கு வாழ்ந்தது எட்டு மாதங்களே. 1815ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி நோயுற்று மறைந்தார். அவருடைய துன்பங்களில் ஒன்றேனும் நீங்கியதாகச் சரித்திரம் கூறவில்லை. பம்பாயில் அந்நியர் கையிலிருந்து பெற்ற இரக்கத்தை, இங்கே அந்நியர் பிள்ளைகளுக்கு அவர் வழங்கினார் என்பது மட்டும் தெரிகின்றது.

1814இல் அவர் தொடக்கிய பணியிலிருந்து வளர்ந்ததே புளியந்தீவிலுள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரி. கிறிஸ்தவப் பிள்ளைகளோடு சைவப் பிள்ளைகளும் அதன் வாங்குகளில் அமர்ந்து கற்று வந்துள்ளனர். 2014ஆம் ஆண்டு அதற்கு இருநூறு வயது நிறைந்தது.